வீட்டுக்கு ஒரு கண்: கண்காணிப்புக் கமரா வாங்குவதும் பூட்டுவதும்

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஓர் அங்கத்தவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணை என்னை இந்த இடத்தில் பேசச் சொன்னபோது, "தம்பி, நீ சங்கத்து ஆக்களின்ர கனபேர் வீட்டில கமரா பூட்டிக் குடுத்தனி, அதைப் பற்றியே கதை" என்றார். நான் இந்தத் துறையில் பட்டம் பெற்றவன் அல்ல. ஊரில் ஏ.எல். வரை படித்தேன். இங்கே இங்கிலாந்தில் சாப்பாட்டுச் சாமான் பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அங்கே பெல்ற் ஓடுகிற இடமெல்லாம் கமராக்கள். அவற்றைத் திருத்த வருகிற ஆக்களுக்கு ஏணி பிடித்து, வயர் இழுத்துக் குடுத்துப் பழகியதுதான் என்னுடைய படிப்பு. பிறகு சனிக்கிழமைகளில் சிநேகிதர்மாருக்குப் பூட்டிக் குடுக்கத் தொடங்கினேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே வந்திருக்கிறேன்.

முதலில், இந்தக் கதை எங்களுக்கு ஏன் வேண்டும்? எங்கட சனத்தின் சேமிப்பில் ஒரு பகுதி எப்போதும் நகையாக வீட்டில் இருக்கிறது. தாலிக்கொடி, காப்பு, பிள்ளையின் சாமத்திய வீட்டுக்குப் போட்ட அட்டியல், இடம்பெயரேக்கை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த சங்கிலி. கடைசியாகச் சொன்னதற்குப் பவுணில் விலை இல்லை. இது எங்களுக்கு மட்டும் தெரிந்த விசயமும் இல்லை. தீபாவளிக் காலம் வந்தால் ஆசியக் குடும்பங்களின் தங்க நகை களவு போவது பற்றி இங்கத்தைப் பொலிசார் பல வருடங்களாக எச்சரிக்கை விட்டு வருகிறார்கள். கோயில் தேர், கலியாண வீடு, சங்கத்தின் கலைவிழா என்றால் அன்றைக்கு வீட்டில் ஒருத்தரும் இல்லை என்பது கள்ளனுக்கும் தெரியும்.

ஆகவே கமரா வேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கமரா காவல்காரன் இல்லை, அது ஒரு சாட்சி. பின்கதவுக்கு நல்ல பூட்டுப் போடாமல் 500 பவுணுக்குக் கமரா வாங்குவது வேலி இல்லாத தோட்டத்துக்கு வெருளி வைத்த மாதிரி. முதலில் கதவுப் பூட்டு, ஜன்னல் பூட்டு, வெளியில் ஆள் வந்தால் எரிகிற லைட். நகைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, வீட்டுக்கு வெளியிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு நகைக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று எழுதியிருக்கும், அதையும் வாசியுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கமரா.

கமரா வாங்கப் போகிற ஆக்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல் நல்லது?" என்பதுதான். அதுக்கு முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "எனக்கு எந்த இடத்தில், என்ன தெரிய வேண்டும்?" ஆள் வந்தது தெரிந்தால் போதுமா, அல்லது முகம் தெரிய வேண்டுமா? இரண்டும் வேறு வேறு.

கமரா வேலை செய்கிறவர்கள் பல வருடமாகப் பாவிக்கிற ஒரு ஐரோப்பிய அளவுத்திட்டம் இருக்கிறது. படத்தில் ஒரு மீற்றர் அகலமான இடத்துக்கு எத்தனை புள்ளி விழுகிறது என்று அது கணக்குப் பார்க்கிறது. 25 புள்ளி என்றால் யாரோ நிற்கிறார்கள் என்று தெரியும். 125 புள்ளி என்றால் ஏற்கெனவே தெரிந்த ஆளை மட்டுக்கட்டலாம். முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று உறுதியாகச் சொல்ல 250 புள்ளி வேண்டும். கள்ளன் எங்களுக்குத் தெரியாத ஆள். அப்ப எங்களுக்கு வேண்டியது 250.

இதைக் கடைச் சாமானோடு பொருத்திப் பார்ப்போம். 4 மெகாபிக்சல் கமரா ஒன்றின் படம் அகலப்பாட்டில் 2560 புள்ளி. கூடுதலாக விற்கிறது 2.8 மில்லிமீற்றர் வில்லை போட்டது. அது ஏறத்தாழ 100 பாகை அகலம் பார்க்கும். 4 மீற்றர் தூரத்தில் அதற்குள் ஒன்பதரை மீற்றர் அகலமான இடம் அடங்கும். 2560ஐ ஒன்பதரையால் பிரித்தால் 270 அளவில் வரும். முகம் தெரியும். அதே கமராவுக்கு 10 மீற்றர் தூரத்தில் வருவது 107 தான். உடுப்பும் நடையும் தெரியும், முகம் தெரியாது. அந்தத் தூரத்தில் முகம் வேண்டுமென்றால் 6 மில்லிமீற்றர் வில்லை வேண்டும். அது 50 பாகை அளவில் ஒடுக்கமாகப் பார்க்கும், ஆனால் 10 மீற்றரில் 275 புள்ளி தரும்.

இதன் கருத்து என்ன? ஒரு கமராவால் தெரு முழுவதையும் பார்த்து, முகத்தையும் பிடிக்க ஏலாது. "அண்ணை, றோட்டு முழுக்கத் தெரியிற மாதிரிப் பூட்டும்" என்று சொல்கிறவர்கள் கனபேர். றோட்டு தெரியும், கள்ளன் தெரியமாட்டான். முன்கதவுக்குக் கிட்ட ஒன்று, பின்கதவுக்குக் கிட்ட ஒன்று, பக்கத்து ஒழுங்கையால் வரலாம் என்றால் அங்கே ஒன்று. ஆள் கட்டாயம் கடக்க வேண்டிய ஒடுங்கின இடத்தைப் பார்த்து வையுங்கள். சாதாரண வீடுகளுக்கு மூன்று அல்லது நாலு கமரா தாராளம்.

அடுத்தது, எந்த வகை? கடையில் மூன்று வகை கிடைக்கும். ஒன்று பற்றரியில் ஓடி வைஃபையில் படம் அனுப்புகிறது. பூட்டுவது மிகச் சுகம். வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போடாமல் சமாளிக்கலாம். ஆனால் பற்றரியை மிச்சம் பிடிக்க அது நித்திரையில் இருக்கும். உடம்புச் சூடு பட்டுத்தான் எழும்பும். எழும்பிப் பார்க்கேக்கை முதல் ஓரிரண்டு விநாடி தப்பிவிடலாம். பழைய பதிவுகளைப் பார்க்க மாதக் காசு கேட்கிறவையும் உண்டு. வாங்க முதல் அதை விசாரியுங்கள்.

இரண்டாவது, வயரில் ஓடுகிற கமரா. கொம்பியூட்டருக்குக் கொழுவுகிற அதே நெற்வேர்க் வயர் ஒன்றுக்குள்ளேயே கரண்டும் போகும், படமும் வரும். 100 மீற்றர் வரை இழுக்கலாம், எந்த வீட்டுக்கும் அது போதும். ரெக்கோடர் ஒன்று வீட்டுக்குள் இருந்து 24 மணித்தியாலமும் பதியும். சொந்த வீடும் கடையும் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது, ரி.வி. அன்ரெனா வயர் மாதிரி மொத்த வயரில் ஓடுகிற பழைய முறை. முந்தி இருந்த ஆக்கள் அந்த வயரை இழுத்து விட்டிருந்தால் அதைப் பிடுங்கத் தேவையில்லை. அதே வயரில் தெளிவான படம் தருகிற புதுக் கமராவும் ரெக்கோடரும் இருக்கின்றன. காசு மிச்சம்.

ரெக்கோடர் வாங்கும்போது ஹார்ட் டிஸ்க் கணக்கைப் பாருங்கள். இது கடைக்காரர் சொல்லாத கணக்கு. ஒரு கமரா விநாடிக்கு 4 மெகாபிற் அனுப்புகிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 43 ஜிகாபைற் வரும். நாலு கமராவுக்கு 173. 2 ரெராபைற் டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பி, பழையதை அழித்து மேலே எழுதத் தொடங்கும். நீங்கள் ஊருக்கு மூன்று கிழமை போய் வந்தால், முதல் கிழமை நடந்தது அழிந்து போயிருக்கும். அப்படிப் போகிறவர்களுக்கு 4 ரெராபைற் வேண்டும். எச் 265 என்ற முறையில் பதிகிற கமரா என்றால் பழைய எச் 264 ஐவிட இடம் நன்றாக மிச்சம் பிடிக்கும். டிஸ்க்கும் கண்காணிப்பு வேலைக்கென்று செய்ததாக இருக்கட்டும். சீகேற் கம்பனியின் ஸ்கைஹோக், வெஸ்ரேர்ண் டிஜிற்றலின் பேர்ப்பிள் அப்படியானவை. பழைய கொம்பியூட்டரில் கழற்றின டிஸ்க் இரவு பகலாக எழுதுகிற வேலைக்குத் தாங்காது.

ரெக்கோடரை ரி.வி.க்குக் கீழே வைக்காதீர்கள். கள்ளன் நகையோடு சாட்சியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். லொஃப்ற்றில் வைத்தால் கோடை காலத்துச் சூட்டில் பழுதாகும். கண்ணில் படாத, காற்றோட்டம் உள்ள ஒரு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஆள் அசைகிற படங்களை மட்டும் வெளியில் ஓர் இடத்துக்கும் அனுப்பி வைக்கிற வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

இனிப் பூட்டுகிற வேலை. உயரத்தில் வைத்தால் ஒருத்தரும் கழற்றமாட்டார்கள் என்று முகட்டுக்குக் கிட்டப் பூட்டுகிறார்கள். ஒரு கடையில் களவு போனபோது பதிவைப் பார்த்தோம். நாலு கமராவிலும் வடிவாகத் தெரிந்தது கள்ளனின் தொப்பி. முகம் பிடிக்க வேண்டிய கமரா இரண்டரை மீற்றர் உயரத்துக்கு மேலே போகக்கூடாது. சூரியன் நேரே விழுகிற பக்கம் பார்த்து வைக்க வேண்டாம். வாசலில் நிற்கிற ஆளின் பின்னால் வெளிச்சம் என்றால் முகம் கறுத்துப் போகும். அதைச் சமன்படுத்த டபிள்யூ.டி.ஆர். என்ற ஒரு அமைப்பு கமராவில் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்.

இரவில் கமரா எங்கட கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் அடித்துத்தான் பார்க்கிறது. கிட்ட ஒரு பீலியோ வெள்ளைச் சுவரோ இருந்தால் அந்த வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகப் போய்விடும். வீட்டுக்குள் இருந்து ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் வெளியே பார்க்க வைத்தாலும் இதே கதி. சிலந்திக்கும் அந்த மெல்லிய சூடு பிடிக்கும், முன்னால் வலை கட்டிவிடும். மாதத்துக்கு ஒருக்கால் தும்புத்தடியால் தட்டிவிடுங்கள். பூட்டின அன்று பகலில் பார்த்துவிட்டு விடாமல், இரவு லைட்டை நிறுத்திப்போட்டு வீட்டில் ஒருத்தரைப் படலையில் இருந்து கதவு வரை நடக்கச் சொல்லிப் பதிவைப் பாருங்கள். முகம் தெரிந்தால்தான் வேலை முடிந்தது.

சுவரில் ஓட்டை போடும்போது வெளியில் பதிவாகவும் உள்ளே கொஞ்சம் உயரமாகவும் வரச் சரித்துப் போடுங்கள். வயரை ஓட்டைக்குள் விட முதல் கீழே ஒரு வளைவு விட்டு மேலே எடுங்கள். மழைத்தண்ணி அந்த வளைவில் சொட்டிப் போகும், சுவருக்குள் வராது. வயர் பொருத்துகிற மூட்டு மழையில் நனையாமல் ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். கமரா பழுது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் கனக்க இடத்தில் பழுது கமராவில் இல்லை, அந்த மூட்டில்தான்.

மணிக்கூட்டையும் மறக்கக்கூடாது. பங்குனியில் மார்ச் கடைசி ஞாயிறும் ஐப்பசியில் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் இங்கே நேரம் மாறும். ரெக்கோடர் மாறாமல் நின்றால் பதிவில் ஒரு மணித்தியாலம் பிழையாக இருக்கும். "என்ர கடையில 8 மணிக்குக் களவு போனது" என்று சொல்லி, 7 மணி என்று காட்டுகிற படத்தைக் குடுத்தால் சாட்சி நொண்டும். இன்ரர்நெற்றில் இருந்து நேரத்தைத் தானாக எடுக்கும்படி போட்டுவிடுங்கள். களவு நடந்தால் அன்றைக்கே அந்தப் பகுதியைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பொலிசுக்கு அறிவியுங்கள். போனால் ரி.வி.யைப் படம் பிடித்து அனுப்புவது போதாது. ரெக்கோடரில் இருந்தே எடுத்த பிரதி வேண்டும்.

அடுத்தது கடவுச்சொல். 2016 ஒக்ரோபரில் இன்ரர்நெற்றின் பெரிய பெரிய சேவைகள் பல மணித்தியாலம் தடைப்பட்டன. காரணம் என்ன? கம்பனி போட்டுவிட்ட கடவுச்சொல்லை மாற்றாத ஆயிரக்கணக்கான கமராக்களையும் ரெக்கோடர்களையும் மிராய் என்ற தீய புரோகிராம் பிடித்துத் தன் படையாக்கியது. எல்லாச் சாமானுக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்பதை பிரித்தானியாவில் ஒரு சட்டம் தடை செய்திருக்கிறது. அது 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவோம் என்பதையும் கம்பனி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாங்கும்போது அந்தத் திகதியைக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத சாமானையோ, ஒருத்தர் பாவித்த பழைய ரெக்கோடரையோ வாங்கிக் கொழுவ வேண்டாம். பிள்ளையின் பிறந்தநாளைக் கடவுச்சொல்லாகப் போடவும் வேண்டாம். உங்கட வீட்டைப் பார்க்க வைத்த கண்ணால் வேறொருத்தன் உங்கட வீட்டைப் பார்க்கக் கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். உங்கட கமரா உங்கட காணிக்குள் மட்டும் பார்த்தால் அது உங்கட வீட்டு விசயம். பக்கத்து வீட்டுக் காணியோ தெருவோ அதில் விழுந்தால், 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடுகிறது. கமரா இருக்கிறது என்று ஒரு அறிவித்தல் போட வேண்டும். தேவைக்கு மேல் பதிவை வைத்திருக்கக் கூடாது. படத்தில் விழுந்த ஆள் தன்னுடைய பதிவைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கடை வைத்திருக்கிறவர்கள் அறிவித்தலும் போட வேண்டும், அதற்கான பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும்.

இது ஏட்டுச் சட்டம் மட்டும் இல்லை. 2021 ஒக்ரோபரில் ஒக்ஸ்போர்ட் கவுண்டி நீதிமன்றத்தில், அயல்வீட்டுக்காரர் பூட்டின கமராக்களையும் கமரா வைத்த அழைப்புமணியையும் பற்றி ஒரு பெண் தொடுத்த வழக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. தூரத்தில் கதைக்கிறதையும் அந்தக் கமராக்கள் பதிந்ததை நீதிபதி பெரிய பிழையாக எடுத்தார். ஆகவே ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்த இடத்தைக் கறுப்பாக மறைக்கிற வசதி அநேகமான கமராக்களில் இருக்கிறது. பூட்ட முதல் ஒரு நாள் பின்னேரம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இப்படிப் பூட்டப் போறம், உங்கட பக்கம் விழாது" என்று படத்தையே காட்டுங்கள். அதன் பிறகு அவர்களும் உங்கட வீட்டை ஒரு கண் பார்ப்பார்கள். எந்தக் கமராவையும்விட அது பெறுமதி. வாடகை வீடு, கவுன்சில் வீடு என்றால் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

இன்னொன்று. எங்கட ஆக்களின் தெரு ஒன்றில், கதவடிக்கு வந்து போன ஒரு பெடியனின் படத்தைக் "கள்ளன், கவனம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அது ஊர் முழுக்கச் சுற்றியது. அவன் விளம்பரத் துண்டு போட வந்த பெடியன். அந்தச் சொல்லை எப்படித் திருப்பி எடுக்கிறது? படம் போக வேண்டிய இடம் பொலிஸ்.

வீட்டுக்குள்ளேயும் கமரா கேட்கிறார்கள். அறைகளை வாடகைக்கு விடுகிற ஒருவர் குசினியிலும் ஹோலிலும் பூட்டித் தரச் சொன்னார். அங்கே இருக்கிறது அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரக் காத்திருக்கிற பெடியள். "ஆர் வாறது, ஆர் போறது எண்டு பாக்கத்தான் தம்பி" என்றார். நான் ஏலாது என்று சொல்லிப்போட்டு வந்தேன். மருமகள் என்ன செய்கிறாள், மகள் ஆரோடு கதைக்கிறாள் என்று பார்க்கக் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். விழுந்து எழும்புகிற வயதான அம்மாவுக்காக என்றால், அது வேறு. ஆனால் அதையும் அம்மாவைக் கேட்டு, அவ சம்மதித்த இடத்தில், படுக்கை அறையும் குளியலறையும் தவிர்த்துத்தான் பூட்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாங்கள் பார்க்கப்பட்ட சனம். முகமூடி போட்ட தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற பெரியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். 2006இல் ஏ9 பாதை பூட்டின பிறகு யாழ்ப்பாணத்தில் படித்த என் வயதுக்காரருக்கு, பள்ளிக்கூடம் போகும் வழியில் எத்தனை சோதனைச்சாவடி என்பது இன்றைக்கும் மனப்பாடம். பார்க்கிறவன் ஆர், ஏன் பார்க்கிறான், எழுதினதை எங்கே கொண்டு போகிறான் என்று கேட்க எங்களுக்கு வாய் இருக்கவில்லை. இந்த நாட்டுச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமையை எங்கட வீட்டுக்கு முன்னால் நடந்து போகிற ஆளுக்கும் குடுத்திருக்கிறது. அது எங்களுக்குக் கரைச்சல் தருகிற சட்டம் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்குக் கிடைக்காததுதான் அது.

ஆகவே உங்கட கதவைப் பாருங்கள், உங்கட நகையைக் காப்பாற்றுங்கள், ஆனால் மனிசரை வேவு பார்க்க அந்தக் கண்ணைத் திருப்பாதீர்கள். கமரா வாங்க விரும்புகிறவர்கள் வாங்க முதல் என்னோடு கதையுங்கள். வாங்கின பிறகு கூப்பிட்டாலும் வருவேன், ஆனால் முதலே கதைத்தால் காசு மிச்சம். ஏணியும் ட்றில்லும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் வேலை இல்லையென்றால் வந்து பூட்டித் தருவேன். பழகிக்கொள்ள விரும்புகிற பெடியள் பெட்டையள் இரண்டு பேர் கூட வந்தால் நல்லது. எனக்கும் ஏணி பிடிக்க ஆள் வேண்டும்.